எந்த மெஷின் வாங்கலாம், அண்ணே?

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலை. காபி கூடக் குடிக்கவில்லை, போனக்காட்டிலிருந்து சித்தி மகள் கூப்பிட்டாள்.

"அண்ணே, கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். பன்னிரண்டு ஊசி. நிமிசத்துக்கு ஆயிரம் தையல் போடுமாம். மூணரை லட்சம் சொல்லுதாங்க. பாதி நீங்க குடுங்க, மீதி தவணையில கட்டிருவேன். இந்த மெஷின் நல்லதா, வேற வாங்கலாமா?"

போனக்காடு தெரியாதவர்களுக்கு: திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுராவுக்கு மேலே, அகத்தியர் மலைப் பக்கம் உள்ள பழைய வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டம். தமிழ்நாட்டுத் தென்கோடியிலிருந்து கொழுந்து பறிக்கப் போன எத்தனையோ குடும்பங்களில் எங்கள் சித்தி குடும்பமும் ஒன்று. 1990களின் கடைசியில் தேயிலை விலை சரிந்தது. அதற்குப் பிறகு தோட்டம் நொடித்து, ஆலையும் நின்றுபோனது. இன்று அந்த ஊரை யூடியூபில் பேய் பங்களா என்று தேடி வருகிறார்கள். பேய் இருக்கிறதோ இல்லையோ, லயங்களில் மனிதர்கள் இருக்கிறார்கள். சம்பளம் நின்ற நாட்களில் சித்தி வீட்டில் அடுப்பு எரிந்தது, ஒரு பழைய கறுப்புத் தையல் மெஷினால்தான். அதனால் மெஷின் என்றால் என் தங்கச்சிக்கு ஒரு தனி நம்பிக்கை.

நானோ ஜூரிக்கில் சாஃப்ட்வேர் ஆள். பட்டன் தைக்கக்கூட வீட்டில் திட்டு வாங்குபவன். ஆனால் பாருங்கள், மெஷின் எம்பிராய்டரியின் கதை பெரும்பாலும் நடந்தது நான் இருக்கும் இடத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில்! செயின்ட் காலன் நகரமும் அதைச் சுற்றிய கிராமங்களும்தான் அது. பக்கத்தில் ஆர்பான் என்ற ஏரிக்கரை ஊரில் சௌரர் மியூசியம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் பிள்ளைகளை லாரி பார்க்க அங்கே கூட்டிப் போனேன். லாரிகளுக்கு நடுவில் எம்பிராய்டரி மெஷின்களும் நின்றன. அன்றைக்குப் படித்ததும் பிறகு தேடிப் படித்ததும் இப்போது உதவிக்கு வந்தன.

1828-ல் பிரான்ஸின் முலூஸ் நகரில் ஜோஷுவே ஹைல்மான் என்பவர் கை எம்பிராய்டரி மெஷினைக் கண்டுபிடித்தார். ஊசிக்கு இரண்டு பக்கமும் முனை, நடுவில் காது. துணி செங்குத்தாகத் தொங்கும். பெரிதாக வரைந்த டிசைன் மேல் ஒருவர் ஒரு முள்ளை நகர்த்தினால் போதும், வரிசையாக இருக்கும் நூற்றுக்கணக்கான ஊசிகளும் அதே பூவைச் சின்னதாகத் தைத்துவிடும். செயின்ட் காலன் வியாபாரிகள் அதை வாங்கி, மெல்ல மெல்லத் திருத்தித் தொழிலாக்கினார்கள்.

1877-ல் சுவிட்சர்லாந்தில் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை ஆலையில் வைக்கக் கூடாது, ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஆனால் இந்தச் சட்டம் வீடுகளுக்குப் பொருந்தாது. மெஷின்கள் ஆலையை விட்டு விவசாயிகள் வீட்டுக் கொட்டகைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. பலர் கடனில் வாங்கினார்கள். அப்பா மெஷினில், அம்மா அறுந்த நூலைப் பார்க்க, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து ராத்திரி வரை ஊசி கோக்க. மெஷின் சொந்தம்தான். ஆனால் துணியும் நூலும் டிசைனும் கொண்டு வருபவர் 'ஃபெர்கர்' என்ற இடைத்தரகர். கூலி நூறு தையலுக்கு இவ்வளவு என்று. தையலில் குறை இருந்தால் கூலியில் பிடித்தம்.

நம் ஊரில் இன்றைக்கும் ஜாப் ஒர்க் கூலியை ஆயிரம் தையல் கணக்கில்தானே பேசுகிறார்கள்? நூறு ஆயிரமானது. மற்றபடி கணக்கு அதே கணக்கு.

1863-ல் ஐசக் க்ரோப்லி என்பவர் தையல் மெஷின் மாதிரி இரண்டு நூல் ஓடும் 'ஷிஃப்லி' மெஷினை உருவாக்கினார். ஷிஃப்லி என்றால் குட்டிப் படகு. உள்ளே ஓடும் நாடாவின் வடிவம் அப்படி. 1898-ல் அவர் மகன், துளையிட்ட அட்டையே டிசைனைச் சொல்லும்படி அதைத் தானியங்கியாக்கினார். முள் நகர்த்திய கைக்கு வேலை போனது. 1910 வாக்கில் உலக எம்பிராய்டரியில் பாதிக்கு மேல் இந்தப் பக்கத்திலிருந்துதான், சுவிட்சர்லாந்தின் முதல் ஏற்றுமதியே அதுதான். பிறகு முதல் உலகப் போர் வந்தது, உடுப்பு நாகரிகமும் மாறியது. பூ வேலைக்கு ஆள் இல்லை. 1920களில் அரசு உதவிப் பணத்தோடு ஆயிரக்கணக்கான மெஷின்களை உடைத்து இரும்புக்கு அனுப்பினார்கள். ஒன்றுகூடப் பழுதான மெஷின் என்பதற்காக உடைபடவில்லை. ஆர்டர் இல்லை, அவ்வளவுதான்.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். போனக்காடும் நாகர்கோவிலும் ஒரு காலத்தில் ஒரே திருவிதாங்கூர். 1819-ல் நாகர்கோவில் வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி லேஸ் பின்னச் சொல்லிக் கொடுத்தார். கருவி என்ன? ஒரு தலையணை, குண்டூசிகள், நூல் சுற்றிய குச்சிகள். அந்த வருமானத்தில் சில அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் நூல்கள் சொல்கின்றன. திருவிதாங்கூர் அடிமை முறையை ஒழித்தது 1855-ல்தான். மார்த்தாவின் மகள் எலைசா, நமக்கெல்லாம் தெரிந்த கால்டுவெல்லை 1844-ல் மணந்து, அதே லேஸ் வேலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார்.

மலிவான கருவி அத்தனை பேருக்குச் சோறு போட்டது எப்படி? வாங்குவதற்கு ஆள் இருந்தார்கள். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் வரை அந்த லேஸைக் கொண்டு சேர்க்க மிஷன் இருந்தது. ஆனால் அந்தக் கதவின் சாவி பின்னிய பெண்கள் கையில் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கம் செயின்ட் காலன்காரர்கள் 1880களில், எம்பிராய்டரி போட்டுவிட்டு அடித்துணியை மட்டும் ரசாயனத்தில் கரைத்து, மெஷினிலேயே லேஸ் மாதிரி செய்யக் கற்றுவிட்டார்கள். கை லேஸுக்கு அது எத்தனை பெரிய போட்டி என்று சொல்லவா வேண்டும்!

தவணையும் புதுசு இல்லை. சிங்கர் நிறுவனம் 1856-லேயே தவணையில் தையல் மெஷின் விற்க ஆரம்பித்துவிட்டது. 1964-ல் ஜப்பானின் தஜிமா பல தலை தானியங்கி மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1980-ல் சிட்னியின் வில்காம் டிசைன் போடும் வேலையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியது. 1990-ல் ஜானோமே வீட்டு மெஷினிலேயே எம்பிராய்டரி வந்தது. துளை அட்டை பென் டிரைவ் ஆகிவிட்டது.

இத்தனையும் படித்தவன் தங்கச்சிக்கு என்ன சொன்னேன்?

முதலில் வேகக் கணக்கு. ஆயிரம் தையல் என்பது மெஷினின் உச்ச வேகம். நடைமுறையில் எழுநூறு என்று வை. பள்ளிக்கூட பேட்ஜ் ஒன்றுக்கு எட்டாயிரம் தையல் என்றால் பதினோரு நிமிஷத்துக்கு மேல். சட்டத்தில் துணி மாட்ட, நூல் அறுந்தால் கோக்க எல்லாம் சேர்த்தால் கால் மணி நேரம். ஒரு மணிக்கு நாலு. அதற்கு என்ன கூலி கிடைக்கும், தவணைக்கு மாசம் எத்தனை பேட்ஜ் வேண்டும் என்று நோட்டில் போட்டுப் பார்.

ஒற்றை ஊசி வீட்டு மெஷின் விலை குறைவு. ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் நூல் மாற்ற வேண்டும், நாள் முழுக்க ஓட்டவும் தாங்காது. பன்னிரண்டு ஊசி மெஷின் தாங்கும். ஆனால் மழைக்காலத்தில் கரண்ட் போனால்? போர்டு பழுதானால் மெக்கானிக் அந்த மலைக்கு ஏறி வருவாரா? அதை எழுத்தில் வாங்கு. டிசைனை யார் போட்டுத் தருவார், ஒன்றுக்கு எவ்வளவு என்றும் கேள்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே, துணி கொண்டு வருவது யார்? ஒரே ஒரு கடைக்காரர் என்றால் நீ அந்தக் கொட்டகை விவசாயி மாதிரிதான்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. கோபமோ என்று நினைத்தேன். பிறகு, "அப்ப மெஷின் வேண்டாம்ங்கீங்களா?" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல நான் யார்? மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு இங்கே உட்கார்ந்து மியூசியக் கதை பேசுவது சுலபம். ஒரு கறுப்பு மெஷின் அந்த வீட்டைக் காப்பாற்றியதும் வரலாறுதானே.

இரண்டு பேருமாக ஒரு முடிவுக்கு வந்தோம். இப்போதைக்கு ஒரு ஜிக்ஜாக் மெஷின். மூன்று மாசம் விதுராவில் உள்ள பள்ளிகள், தையல் கடைகள், திருவனந்தபுரம் சாலைக் கடைவீதி என்று ஆர்டர் பிடிப்பாள். கம்ப்யூட்டர் வேலை வந்தால் டவுனில் கூலிக்குப் போட்டு வாங்குவாள். மூன்று வெவ்வேறு இடத்திலிருந்து நிலையாக ஆர்டர் வந்தால் பெரிய மெஷின், பாதிப் பணம் என்னுடையது.

நேற்று நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். முதல் வரி: ஓணத்துக்கு செட்டு முண்டு, ஆறு. ஜிக்ஜாக்கில் மயில் போடணுமாம். கீழே அவள் கையெழுத்தில், "துணி அவங்களது, டிசைன் என்னது."

பணத்தை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.