விஓஐபி கேட்வே
பழைய தொலைபேசிக் கம்பியையும் இணைய வலையமைப்பையும் இணைத்து, பேச்சைத் தரவுப் பொட்டலங்களாகவும் பொட்டலங்களை மீண்டும் பேச்சாகவும் மாற்றும் கருவி. இருக்கிற இபிஏபிஎக்ஸை (அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகத்தை) கழிக்காமல் இணையவழி அழைப்புக்கு மாறும் அலுவலகங்களுக்கு ஏற்றது.

பொருத்துமுன் போர்ட்டின் வகையைப் பார்த்துவிட வேண்டும். எஃப்எக்ஸ்எஸ் போர்ட் மின்னழுத்தமும் மணிச் சமிக்ஞையும் தருவது. சாதாரண தொலைபேசியும் ஃபேக்ஸும் இதில் சேரும். எஃப்எக்ஸ்ஓ அவற்றைப் பெறுவது. வெளி லைனுக்கு உரியது. இரண்டுக்கும் ஒரே ஆர்ஜே-11 சாக்கெட் என்பதால் மாற்றிச் செருகும் வாய்ப்பு அதிகம். எஃப்எக்ஸ்எஸ்ஸில் வெளி லைனைச் செருகினால் போர்ட் பழுதாகலாம்.

பிறகு லேன் கேபிளைச் செருகி, நிலையான ஐபி முகவரி கொடுத்து, அழைப்புகளை இணைக்கும் எஸ்ஐபி சர்வரில் பதிவுசெய்வர். அழைப்புச் சமிக்ஞை வழக்கமாக 5060ஆம் நெட்வொர்க் போர்ட்டிலும், குரல் ஆர்டிபி நெறிமுறை வழியே தனியாகவும் செல்லும். மணி அடித்தும் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டால் ரவுட்டரின் எஸ்ஐபி ஏஎல்ஜி வசதியை முதலில் அணைத்துப் பார்ப்பது நல்லது.

குரலைக் குறியாக்கும் முறைகளில் (கோடெக்) ஜி.711 குரலுக்கு மட்டும் நொடிக்கு 64 கிலோபிட் கேட்கும், ஜி.729க்கு 8 போதும், ஆனால் ஃபேக்ஸுக்கு ஜி.729 ஆகாது. எஃப்எக்ஸ்ஓவில் உள்நாட்டு பிஸி டோனை அமைக்காவிட்டால், எதிர்முனை துண்டித்த பின்னும் லைன் விடுபடாமல் கிடக்கக்கூடும். மின்வெட்டில் கருவியும் அணையும்; யுபிஎஸ் அவசியம்.