மணல் குழி மீட்பு: சரிவுகளை மீளமைத்தலும் நிலைப்படுத்தலும்

மணல், சவுடு, கிராவல் போன்ற தளர்ந்த மண்வகைகளை வெட்டியெடுத்து முடிந்தபின் எஞ்சும் குழியின் செங்குத்துப் பக்கங்களைத் தாழ்த்தி, மழையால் அரிக்கப்படாமலும் பெயர்ந்து விழாமலும் நிற்கக்கூடிய சாய்வுக்குக் கொண்டுவந்து, அதன்மேல் மேல்மண்ணும் பசும்போர்வையும் நிலைபெறச் செய்யும் பணி சரிவு மீளமைப்பு எனப்படும். குழியை முழுவதும் தூர்ப்பது இதன் நோக்கமன்று. அதற்கு வேண்டிய மண்ணை இன்னோரிடத்தில் வெட்ட நேர்வதால், அது பெரும்பாலும் ஒரு குழியை இடம் மாற்றுவதாகவே முடியும்.

இப்பணிக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்க, தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையில் ஜி.எஸ்.டி. சாலையில் அமைந்த சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரம் அடியில் சார்னோக்கைட் எனும் கடும்பாறையைக் கொண்டது. அதன் மேற்பரப்பில் செம்மண்ணும் சரளையும், ஏரிகளில் சவுடும், செங்கல்பட்டுக்குத் தெற்கே பாலாற்றில் மணலும் கிடைக்கின்றன. கல்குவாரியின் சுவரைப் பாறையிலுள்ள விரிசல்களின் திசை தாங்கவோ வீழ்த்தவோ செய்யும். மண்குழியின் நிலை வேறு. அங்கே தீர்ப்பளிப்பது நீர்.

உலர்ந்த மணலைக் குவித்தால் அது ஏறத்தாழ 30 முதல் 35 பாகை சாய்வில் நின்றுவிடும். இதற்கு அமைவுக் கோணம் என்று பெயர். ஆயினும் புதிதாக வெட்டிய குழியில் ஈர மணல் செங்குத்தாக நிற்பதைக் காணலாம். மணிகளுக்கிடையே உள்ள சிறிதளவு ஈரம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிப்பதே காரணம். கோடையில் அந்த ஈரம் உலர்ந்தாலும், ஐப்பசி மழையில் இடைவெளிகள் முழுவதும் நீரால் நிரம்பினாலும் அந்தப் பிடிப்பு மறைந்துவிடும். வெட்டிய நாளில் உறுதியாகத் தோன்றிய சுவர் முன்னறிவிப்பின்றிச் சரிந்து ஆட்களைப் புதைப்பது இதனாலேயே.

சரிவைத் தாங்கும் விசைக்கும் அதைக் கீழே தள்ளும் விசைக்கும் உள்ள விகிதம் காப்புக்காரணி எனப்படும். அது ஒன்றுக்குக் கீழே இறங்கினால் சரிவு நிலைக்காது. 33 பாகை உராய்வுக் கோணமுடைய மணலை ஒரு பங்கு உயரத்துக்கு இரு பங்கு கிடைநீளம் என்னும் சாய்வில் அமைத்தால், உலர்ந்த நிலையில் காப்புக்காரணி சுமார் 1.3 ஆக இருக்கும்; அதே சரிவு முழுதும் நனைந்து, அதனுள் நீர் சரிவுக்கு இணையாகக் கசியத் தொடங்கினால் அது ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஒன்றுக்கு மூன்று சாய்வுகூட அந்நிலையில் விளிம்பில்தான் நிற்கும்; ஒன்றுக்கு நான்கு என்றால்தான் மீண்டும் 1.3 கிட்டும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவான வட்டாரத்தில், உலர்ந்த நிலைக்கான கணக்கை மட்டும் நம்பிச் சாய்வு வகுப்பது பொருந்தாது.

1961ஆம் ஆண்டின் உலோகக் கனிமச் சுரங்க ஒழுங்குமுறைகள் சரளை, களிமண் போன்ற தளர்நிலத்தில் பக்கங்கள் 45 பாகையை மிஞ்சாமலோ, 1.5 மீட்டரை மிஞ்சாத உயரமும் அவ்வுயரத்துக்குக் குறையாத அகலமும் கொண்ட படிகளாகவோ இருக்கவேண்டும் என்கின்றன. இது வேலை நடக்கும்போது தொழிலாளரைக் காப்பதற்கான எல்லை. இதையே நிலையான இறுதிச் சாய்வாகக் கொள்வது தவறான வாசிப்பு.

நீர் நிறைந்த குழியில் இன்னோர் இடர் உண்டு. கைவிடப்பட்ட குழிகள் இப்பகுதியில் குளங்களாகிவிடுகின்றன. 2017 வறட்சியில் மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் கல்குவாரிகளின் நீர் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்கு வழங்கப்பட்டது. பாறைச் சுவருக்கு நீரிறைப்பால் பெருந்தீங்கு இல்லை. மண்குழியிலோ மோட்டார் வைத்து விரைந்து இறைக்கும்போது வெளி நீர்மட்டம் தாழ, கரைக்குள் தேங்கிய நீர் அதே வேகத்தில் வடியாமல் உள்ளிருந்து தள்ளுவதால் கரை பெயர்ந்து விழும். சவுடு போல் களி கலந்த மண்ணில் இது மேலும் கடுமையாகும். ஆகவே நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டையில் சாய்வைக் கூடுதலாகத் தாழ்த்தி, அடியில் நுண்மணல், பருமணல், சல்லி என வரிசையாக வடிகட்டி அடுக்கி, மேலே கருங்கல் பாவுவது வழக்கம்.

சாய்வைத் தாழ்த்த மேல்விளிம்பை வெட்டிப் பின்வாங்கச் செய்யலாம். பக்கத்து நிலம் பிறர் பட்டாவாக இருந்தால் அடியிலிருந்து நிரப்பியே ஆகவேண்டும். நிரப்பும்போது பழைய சரிவில் படிகள் வெட்டிக்கொள்ளாவிட்டால், புதுமண் பழைய மண்மீது ஒட்டாமல் முழுத்தகடாக வழுக்கும். மண்ணை 20 முதல் 30 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் பரப்பி, ஈரம் பார்த்து ரோலரால் இறுக்க வேண்டும்; லாரியிலிருந்து விளிம்பில் கொட்டித் தள்ளிய மண் அமைவுக் கோணத்திலேயே நிற்பதால் அது சீரமைப்பாகாது. விளிம்புக்குச் சற்று அப்பால் வெட்டப்படும் தடுப்பு வாய்க்கால், மேட்டு நீர் சரிவில் பாயாமல் திருப்பிவிடும். செலவு குறைந்த இவ்வேலையே பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில், சுரங்கப் பணி முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்ப்பதைக் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்குமாறு உத்தரவிட்டது. அடிமணலில் சத்தும் ஈரமும் குறைவு என்பதால், தொடக்கத்தில் அகற்றிய மேல்மண்ணைத் தனியே சேமித்திருந்தால்தான் புல் எளிதில் பிடிக்கும். சில ஆண்டுகளில் மக்கிவிடும் தென்னை நார் வலையை விரித்து, சமமட்ட வரிகளில் வெட்டிவேரும் இடையில் அருகும், தழைச்சத்து சேர்க்கும் கொளுஞ்சியும் இடுவது பொருத்தமானது. ஆடி, ஆவணித் தூறலில் நட்டால் வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் ஊன்றும். ஐப்பசியில் விதைத்தவை அடித்துச் செல்லப்படும். பெருமரங்களை விளிம்பில் வளர்ப்பது, 2016 வர்தா புயல் போன்ற காற்றில் அவை வேரோடு பெயர்ந்து கரையையும் சேர்த்துக் கிழிப்பதால், தவிர்க்கத்தக்கது. சீமைக் கருவேலம் தானாகவே வந்துசேரும். மண்ணைப் பிடிக்கும் என்று அதை விட்டுவைப்பவர்கள் அதனடியில் புல் செழிக்காததையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எல்லாச் சுவர்களையும் தாழ்த்தவேண்டும் என்பதும் இல்லை. திறந்த வெட்டுமுகத்தில் தொல்பொருள் தென்படக்கூடும்: 1863 மே 30 அன்று நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த பழங்கற்காலக் கருவி ஒரு சரளைக் குழியிலிருந்து கிடைத்தது. பஞ்சுருட்டான், மீன்கொத்தி போன்ற பறவைகள் செங்குத்து மண்சுவரிலேயே வளை குடைந்து முட்டையிடுகின்றன. குடியிருப்புக்கும் பாதைக்கும் எட்டாத பக்கத்தில், அடியில் ஆள் நுழையாதவாறு வேலியிட்டு, ஒரு சிறு வெட்டுமுகத்தை அப்படியே விடுவது மீட்புத் திட்டத்துக்கு முரணாகாது.