பனமலைக் கல்வெட்டும் ஆய்வெழுத்தின் சான்றுமுறையும்

செஞ்சிப் பகுதியில் ஏரியை ஒட்டி எழும் பாறைக்குன்றையும் அதன்மேல் தாளகிரீசுவரர் கோயிலையும் உடைய ஊர் பனமலை. தாளம் என்பது பனையைக் குறிக்கும் வடசொல்லாதலின், ஊர்ப்பெயரே இறைவன் பெயராக மொழிபெயர்ந்துள்ளது எனலாம். இக்கோயிலை எடுப்பித்தவன் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்ம பல்லவன் (ஏறத்தாழ கி.பி. 700–728). அனைவரும் அறிந்த இச்செய்திக்கு இன்று சான்று காட்டுவோர் அரியர். ஆயினும் இது எவ்வாறு நிறுவப்பட்டது என்பதை நோக்கினால், வரலாறு, சமூகப்பணி முதலிய துறைகளில் முதன்முதலாக ஆய்வேடு எழுதும் மாணவர்க்குச் சான்று காட்டலின் பயன் விளங்கும்.

1890-இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில், காஞ்சி கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகளுடன் பனமலைக் கல்வெட்டொன்றையும் ஹூல்ஷ் பதிப்பித்தார். ஒவ்வொரு கல்வெட்டுக்கும் வரிசை எண், இருப்பிடம், எழுத்து வகை, மூலபாடம், மொழிபெயர்ப்பு, அடிக்குறிப்பு என்பன அத்தொகுதியில் உண்டு. பனமலையில் அவருக்குக் கிடைத்தது ஒரே வடமொழிச் செய்யுள். அது மன்னனின் விருதுப்பெயர்களை அடுக்கி, அவன் நெடுங்காலம் உலகைக் காக்க என வாழ்த்துகிறது. கோயில் கட்டியது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அதே செய்யுள் இராசசிம்மனின் காஞ்சிக் கல்வெட்டின் இறுதியிலும் உள்ளது. இவ்வொப்புமையைக் கொண்டே பனமலைப் பணியும் அவனுடையது என ஹூல்ஷ் கருதினார்.

இங்குக் கல் கூறுவது ஒன்று. அறிஞர் உய்த்துணர்ந்தது மற்றொன்று. ஒப்புமைக் கல்வெட்டின் எண்ணை அவர் சுட்டியமையால், படிப்பவர் சில பக்கங்களைப் புரட்டி இரண்டையும் ஒப்பிட்டு அம்முடிவை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். கோயிலின் அடித்தளத்தில் பல்லவர் குலவரிசையைக் கூறும் நீண்ட கல்வெட்டு பின்னர்ப் படிக்கப்பட்டதும், தூண்களில் அமைந்த சிங்க உருவங்கள் காஞ்சிக் கோயிலை ஒத்திருந்ததும் அம்முடிவுக்கு வலுச்சேர்த்தன. ‘பனமலைக் கல்வெட்டு கோயிலை இராசசிம்மன் கட்டினான் என்கிறது’ என எழுதி அச்செய்யுளைச் சான்றாகக் காட்டும் மாணவர், முடிவில் தவறாமல் சான்றில் தவறுகிறார். ஆய்வேடுகளில் மிகுதியாக நேரும் பிழை இதுவே. அடிக்குறிப்பு இருப்பதாலேயே இது கண்ணில் படாமலும் போகிறது.

இக்கோயிலின் துணைக் கருவறையொன்றில் ழூவோ துப்ராய் கண்டறிந்த ஓவியத்துக்கும் இது பொருந்தும். குடையின்கீழ் ஒரு காலை மடித்து நிற்கும் மகுடம் தரித்த பெண்ணுருவைப் பார்வதி என்பர். அருகிலுள்ள சுவரில் மங்கிய சிவனின் ஆடற்கோலமே அவ்வாறு கொள்ள இடந்தருகிறது. ஓவியம் சிதைந்துவருவதால், எந்த ஆண்டின் நிழற்படத்தை அல்லது படியைக் கண்டு எழுதப்பட்டது என்ற குறிப்பும் இங்கு இன்றியமையாதது.

சான்று காட்டல் மேலைநாட்டிலிருந்து வந்த புதுவழக்கு என்பது முழு உண்மையன்று. ‘என்ப’ எனக் கூறி முன்னோர் கருத்தைத் தம் கருத்தினின்று பிரித்துக் காட்டுவது தமிழிலக்கண மரபு. யாப்பருங்கல விருத்தி முதலிய உரைகள் மேற்கோள் காட்டியதனாலேயே மறைந்த நூல்கள் பலவற்றின் பெயரும் சில பகுதிகளும் எஞ்சின. எனினும் உரையாசிரியர் பலவிடங்களில் நூற்பெயர் சுட்டாமலே மேற்கோள் தந்தனர். கற்றோர் அறிவர் என்பது அவர்கள் நம்பிக்கை. உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் அவ்விடங்களைத் தேடிக் கண்டு குறிக்க நேர்ந்தது. மா. இராசமாணிக்கனாரின் ‘பல்லவர் வரலாறு’ (1944) தமிழ் வரலாற்று நூலில் அடிக்குறிப்பு எவ்வாறு அமையலாம் என்பதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அந்நூலில் மட்டும் கல்வெட்டுச் செய்தியைப் படித்தவர், தொகுதியையே கண்டதுபோல் அதன் எண்ணை எடுத்தெழுதலாகாது. இராசமாணிக்கனார் வழி அறிந்தது எனக் குறித்தலே முறை.

பனமலையில் கல்லே சான்று. செஞ்சிக் கோட்டையின் வரலாற்றிலோ கதைப்பாடலும் சான்றாக வந்து நிற்கிறது. தேசிங்கு எனப்படும் தேஜ் சிங் 1714-இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுடன் போரிட்டு இறந்தது வரலாறு. அவனுடைய குதிரை, நண்பன் பற்றிய செய்திகள் பல கதைப்பாடலின் வழி பரவியவை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணன் பிள்ளை எழுதிய ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’, சி.எஸ். சீனிவாசாச்சாரி செஞ்சி பற்றி எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943-இல் வெளியிட்ட ஆங்கில நூல், கதைப்பாடல் ஆகிய மூன்றும் ஒரே தரத்தன அல்ல. மூன்றையும் கலந்து சான்றின்றி எழுதினால், மக்கள் நினைவில் தேசிங்கு பெற்ற இடத்தைத் தனியே ஆராயும் வாய்ப்பும் அழிந்துவிடுகிறது. கதைப்பாடலைக் கதைப்பாடலாகவே சுட்டுவது அதற்கு இழுக்காகாது.

சமூகப்பணிக் கல்வியில் 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிப் பள்ளி போன்ற நிறுவனங்கள் களப்பணியைப் படிப்பின் பகுதியாகவே கொண்டுள்ளன. ஊர்வரலாறு எழுதும் மாணவர் நூலையும் முதியோர் வாய்மொழியையும் ஒருங்கே நாட வேண்டியவர். இத்துறையில் பரவலாகக் கையாளப்படும் அமெரிக்க உளவியல் கழக முறை ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் கட்டுரையின் உள்ளேயே தருவது. குடும்பப்பெயரை முதலில் இடும் அம்முறை, தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாங்கும் தமிழ்ப்பெயர்க்கு நேராகப் பொருந்துவதில்லை. ‘இராசமாணிக்கனார், மா.’ என இயற்பெயரை முன்வைத்தலே தெளிவு. முதலெழுத்தைக் குடும்பப்பெயராக விரித்தெழுதுவது தேடுவோரைத் திகைக்க வைக்கும்.

வாய்மொழிச் சான்றில் இரு துறைகளும் முரண்படுகின்றன. வரலாற்றாசிரியர் சொன்னவர் பெயரைக் கேட்பார். சமூகப்பணியாளர் பெயரை மறைக்கக் கடமைப்பட்டவர். கோயில் திருவிழா பற்றிக் கூறும் முதியவர் இசைந்தால் அவர் பெயரைக் குறிக்கலாம். அதே முதியவர் தம் குடும்பக் கடனைப் பற்றிக் கூறினால், உரையாடல் நாளும் அவருடைய வயதுப் பிரிவும் போதும். சிற்றூரில் தொழிலும் தெருவும் சேர்ந்தாலே ஆள் இன்னார் எனத் தெரிந்துவிடுமாதலால், அவற்றில் ஒன்றை விடுத்தல் வேண்டும். முழுவிவரம் அடங்கிய களக்குறிப்பேட்டை மாணவர் பாதுகாத்து வைப்பின், நெறியாளர் ஐயுறும்போது அதைக் காட்ட இயலும்.