காயலோரம் பிறந்த தூதர்

அந்தமானின் மாயாபந்தர் ஜெட்டியிலிருந்து சென்னை 1,300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பர்மாக் கரை அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம்கூட இல்லை. பக்கத்து வெபி கிராமத்தில் இன்றும் கரேன் மொழி கேட்கும். 1925-ல் பர்மாவிலிருந்து காட்டு வேலைக்குக் கப்பலேறி வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வாழ்கிறார்கள். இந்தத் தீவுகளைக் கடற்படைத் தளங்களாக்க வேண்டும் என்று, நாடு விடுதலை பெறும் முன்பே எழுதிவைத்தவர் கே.எம். பணிக்கர்.

1895-ல் குட்டநாட்டுக் காவாலத்தில், காயல் நீருக்கு நடுவே பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தார். அலிகாரில் வரலாறு கற்பித்தார், பத்திரிகை ஆசிரியராக இருந்தார், பிகானேர் சமஸ்தானத்தின் திவானானார். மலபாரில் போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் நடத்தியதை நூல்களாக எழுதியவருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது: கைபர் கணவாயையே பார்த்துக்கொண்டிருந்த நாடு கடல் வழியே அடிமைப்பட்டது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த மாதமே ஜப்பானியர் அந்தமானில் இறங்கினார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பணிக்கரின் 'இந்தியாவும் இந்தியப் பெருங்கடலும்' வெளிவந்தது. சோழரின் கடற்படைக்கு அதில் உரிய இடம் உண்டு. தஞ்சைக் கல்வெட்டு மாநக்கவாரம் என்று சொல்லும் நிக்கோபாரை வழித்தங்கலாகக் கொண்டவர்களின் வாரிசுகள் நாம் என்ற நினைவே அன்று மங்கிப்போயிருந்தது.

1948-ல் நேரு அவரைச் சீனாவுக்குத் தூதராக அனுப்பினார். கண்ணெதிரே ஆட்சி கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியது. புதிய சீனாவிலும் அவரே தூதர்.

1950 அக்டோபர் 2, பீக்கிங். பணிக்கர் தூங்கி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. நள்ளிரவில் பணியாள் வந்து எழுப்பினார்: சீன வெளியுறவு அதிகாரி கூடத்தில் காத்திருக்கிறார், பிரதமர் உடனே பார்க்க வேண்டுமாம். அந்த வேளையிலும் பிரதமர் சூ என்லாய் பதற்றம் காட்டாமல் தேநீர் கொடுத்து உபசரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்: கொரியப் போரில் அமெரிக்கப் படை 38-வது அட்சக்கோட்டைத் தாண்டினால் சீனா சண்டையில் இறங்கும். பணிக்கர் வீடு திரும்பியதும் டெல்லிக்குத் தந்தி பறந்தது. அங்கிருந்து லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் செய்தி போனது. கம்யூனிஸ்டுகள் பக்கம் சாய்ந்தவர் என்று அமெரிக்கர்கள் அவர் சொல்லை ஒதுக்கினார்கள். அதே மாதம் சீனப் படைகள் யாலு ஆற்றைக் கடந்தன. சொன்னது சொன்னபடி நடந்தது.

திபெத் விஷயத்தில் அந்தக் கூர்மை அவரிடம் இல்லை. அதே அக்டோபரில் சீனப் படை திபெத்துக்குள் நுழைந்தது. சீனாவின் செயல்களுக்கு நம் தூதரே நியாயம் தேடுகிறார் என்று நவம்பர் 7 அன்று நேருவுக்கு எழுதிய கடிதத்தில் துணைப் பிரதமர் படேல் வருந்தினார். அந்த வருத்தம் நியாயமானதே. வாஸ்கோட காமாவில் தொடங்கிய மேலை ஆதிக்கம் முடிகிறது என்பதே பணிக்கர் எழுதிய வரலாற்றின் அடிநாதம். அந்த முடிவின் அடையாளமாகச் சீனாவைக் கண்டு மகிழ்ந்தவர், இமயத்துக்கு அந்தப் பக்கம் திரண்ட ஆபத்தை எடைபோடத் தவறினார். கடலைப் படித்த அளவுக்கு மலையை அவர் படிக்கவில்லை.

எகிப்துத் தூதர் பணிக்குப் பின், 1953-ல் மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களில் ஒருவரானார். தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போனதால் தமிழர்களுக்கு அவர்மேல் இன்றும் மனத்தாங்கல் உண்டு. கன்னியாகுமரியைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொன்னதும் அதே ஆணையத்தின் அறிக்கைதான். அந்தமான் நிக்கோபாரை மத்திய அரசே நேரடியாக ஆள வேண்டும் என்றும் ஆணையம் பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1 அன்று மாயாபந்தர் யூனியன் பிரதேசத்து ஊரானது.

பணிக்கர் 1963-ல் காலமானார். முப்படைகளுக்கும் பொதுவான அந்தமான் நிக்கோபார் கட்டளையகம் 2001-ல்தான் போர்ட் பிளேரில் அமைந்தது. மாயாபந்தருக்கு வடக்கே, ஷிப்பூரில் உள்ள கடற்படை விமானதளத்துக்கு 2019-ல் ஐ.என்.எஸ். கோஹாசா என்று பெயர் சூட்டினார்கள்.

(தொடரும்)