நான்கு ஒலிம்பிக் கண்ட மாஸ்கோ வீராங்கனை: ந்கெய்ருகா எஸெக்

ஆப்பிரிக்காவின் இக்போ மொழியில் ‘ந்கெய்ருகா’ என்ற பெயருக்கு ‘இனி வருவதே மேலானது’ என்று பொருள். அள்ளுஹா சூராவை மனனம் செய்த நம் பிள்ளைகளுக்கு இந்தப் பொருள் அந்நியமாகத் தோன்றாது. இந்தப் பெயரைச் சுமந்து, நைஜீரியத் தந்தைக்கும் ரஷ்யத் தாய்க்கும் மகளாக 1983 அக்டோபர் 17 அன்று மாஸ்கோவில் பிறந்தவர் ந்கெய்ருகா எஸெக். கர்லிங் என்ற பனி விளையாட்டில் ரஷ்யாவுக்காக நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றவர். நான்கிலும் பதக்கம் இல்லை. ஆனாலும் இவரைப் பற்றி நம் வாசகர்கள், குறிப்பாக பெண் பிள்ளைகள், அறிந்துகொள்ள வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

குளிர்கால ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, ‘இது என்ன, ஐஸைக் கூட்டிப் பெருக்குகிறார்கள்?’ என்று பிள்ளைகள் சிரிப்பதுண்டு. அதுதான் கர்லிங். அணிக்கு நால்வர். ஏறத்தாழ 45 மீட்டர் நீளப் பனித்தளத்தில் சுமார் 19 கிலோ எடையுள்ள கிரானைட் கல்லைச் சறுக்கிவிட்டு, மறுமுனையில் உள்ள வட்டத்தின் மையத்தை நெருங்க வேண்டும். கல்லின் முன்னே பனியை வேகமாகத் தேய்த்தால் கல் கூடுதல் தூரம் போகும். அதன் வளைவும் குறையும். சிரிப்பை வரவழைக்கும் அந்தப் பெருக்கலில்தான் ஆட்டத்தின் பாதி இருக்கிறது.

இன்னொரு வழக்கம் நம்மை மிகவும் கவர்ந்தது. ஓடும் கல்லில் தன் துடைப்பமோ காலோ பட்டுவிட்டால், நடுவர் விசில் ஊதும்வரை காத்திருக்காமல் ஆட்டக்காரரே அதை ஒப்புக்கொள்ள வேண்டும். யாரும் பார்க்காத தவறையும் தானே சொல்வதை அமானிதம் என்று நாம் மத்ரஸாவில் படித்தோம். அங்கே அது ஆட்டத்தின் மரபாக இருக்கிறது.

எஸெக் தன் பிற்கால ஆட்டங்களில் வகித்த இடம் ‘லீட்’. ஒவ்வொரு சுற்றிலும் அணியின் முதல் இரண்டு கற்களையும் எறிபவர் இவரே. மீதி ஆறு கற்களையும் மற்றவர்கள் எறிய, லீட் அவற்றின் முன்னே ஓடிப் பனியைத் தேய்ப்பார். பத்துச் சுற்று ஆட்டமென்றால் அறுபது கற்கள்! கடைசிக் கல்லை எறிந்து வெற்றியைத் தேடித்தரும் தலைவரின் படமே பெரும்பாலும் பத்திரிகையில் வரும். அந்தக் கல்லை அங்கே கொண்டு சேர்த்தவர்களை யாரும் கவனிப்பதில்லை.

சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகே ரஷ்யாவில் கர்லிங் வேரூன்றியது. 2002 இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ரஷ்யப் பெண்கள் அணி முதன்முறையாக இறங்கியபோது எஸெக்குக்கு வயது 18. கறுப்பினத்தவரைக் காண்பது அரிதான விளையாட்டு இது. படத்தைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் நிறம்தான் படும். இதில் பிறரைக் குறை சொல்ல நமக்குத் தகுதி குறைவு. இறுதி ஹஜ்ஜின் பேருரையை மேடையில் எடுத்துச் சொல்லும் நாமே, பெண் பார்க்கப் போகும்போது ‘நிறம் எப்படி?’ என்று முதலில் விசாரிக்கிறோம்.

அடுத்து 2006 டூரின், 2010 வான்கூவர், 2014 சோச்சி. இடையே 2006 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் லுட்மிலா பிரிவிவ்கோவா தலைமையிலான அணி ஐரோப்பியப் பட்டத்தை வென்றது. கர்லிங்கில் ரஷ்யாவுக்குக் கிடைத்த முதல் ஐரோப்பியப் பட்டம் அது. அந்த அணியிலும் எஸெக் இருந்தார். 2012 இல் ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட், 2015 இல் டென்மார்க்கின் எஸ்ப்யேர்க் ஆகிய நகரங்களில் அன்னா சிடோரோவா தலைமையில் மேலும் இரண்டு ஐரோப்பியப் பட்டங்கள் வந்தன. தலைவர்கள் மாறினர்; இவர் நிலைத்தார்.

சோச்சியில் சொந்த மண்ணில் ஆடியும் அணி பதக்கச் சுற்றை எட்டவில்லை. அந்த நாட்களில் ஊடகங்கள் வீராங்கனைகளின் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தோற்றத்தைப் பற்றியே எழுதித் தள்ளின. பெண்ணின் உழைப்பை மறைத்து உருவத்தை விற்கும் இந்தப் போக்கை மார்க்கம் அறிந்தவர்கள் மட்டுமல்ல, நியாயம் அறிந்த எவரும் ஏற்க மாட்டார். ஆனால் அடுத்த மாதமே கனடாவின் செயின்ட் ஜான் நகரில் நடந்த உலகப் போட்டியில் அதே அணி வெண்கலம் வென்றது. 2015 இல் ஜப்பானின் சப்போரோவிலும், 2016 இல் கனடாவின் ஸ்விஃப்ட் கரன்ட்டிலும் மீண்டும் வெண்கலம். 2017 இல் பெய்ஜிங்கில் இறுதிப் போட்டிவரை சென்று, ஓர் ஆட்டத்திலும் தோற்காத ரேச்சல் ஹோமனின் கனடா அணியிடம் தோற்று வெள்ளி பெற்றது. அப்போது எஸெக்குக்கு வயது 33. சால்ட் லேக் சிட்டிக்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

அந்த வெள்ளி ஐந்தாவது ஒலிம்பிக்குக்கு வழி திறக்கவில்லை. நாட்டுக்குள் நடந்த தேர்வில் விக்டோரியா மொய்சேயேவாவின் அணி முந்தியது. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கிற்கு அவர்களே சென்றனர். 2022 இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய அணிகளை உலகப் போட்டிகளிலிருந்து உலக கர்லிங் கூட்டமைப்பு விலக்கியது. எஸெக்கும் அவரது தோழியரும் 2014 முதல் 2017 வரை வரிசையாக வென்ற அந்த நான்கு உலகப் பதக்கங்களுக்கு முன்பு, ரஷ்யப் பெண்கள் அணியிடம் உலகப் பதக்கம் ஒன்றுகூட இருந்ததில்லை.