கொசுப்புழுவுக்கு அபராதம், வராத தண்ணீருக்கு யார் பொறுப்பு?

டெங்கு பரவும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நமக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரை, வீட்டில் தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள் என்பதே. கோவையின் தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளிலும் கொங்குச் சிற்றூர்களின் அருந்ததியர் காலனிகளிலும் இதைப் பின்பற்ற வழியில்லாத வீடுகள் பல. நாள் தவறி வரும் குழாய்நீரைக் குடத்திலும் டிரம்மிலும் சிமெண்டுத் தொட்டியிலும் பிடித்து வைத்தால்தான் அங்கே உலை வைக்க முடியும். சிறுவாணி நீரின் சுவையைப் பெருமையாகப் பேசும் நகரம் இது. அந்நீர் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதை அந்த அளவுக்குப் பேசுவதில்லை.

2017-இல் அரசுக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் 23,000-க்கும் மேற்பட்டோர் டெங்குவுக்கு ஆளாயினர். 65 பேர் இறந்தனர். கொசுப்புழு காணப்பட்ட இடங்களின் உரிமையாளர்களுக்கு உள்ளாட்சி அமைப்புகள் அபராதம் விதித்தன. மேல்நிலைத் தொட்டியுள்ள வீட்டையும், தெருக்குழாயை நம்பி டிரம் நிரப்பும் வீட்டையும் ஒரே தட்டில் வைப்பதை நாம் ஏற்கவில்லை.

ஆனால் குழாய் சீராகும்வரை நோய் காத்திருக்காது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் அன்று, நாம் சேமிக்கும் நல்ல நீரில்தான் முட்டையிடுகிறது. நீர்மட்டத்தை ஒட்டிய உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும் அம்முட்டைகள், நீர் வற்றினாலும் பல மாதம் உயிரோடிருக்கும். ஆகவே நீரைக் கொட்டிவிட்டு மீண்டும் நிரப்புவது போதாது. தேங்காய் நாரால் உட்புறத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை கழுவினால் அச்சுழற்சி அறுபடும். மூடியில்லாத டிரம்மின் வாயைப் பழைய வேட்டித் துணியால் இடைவெளியின்றி இறுகக் கட்டலாம். சுகாதாரப் பணியாளர் தொட்டியில் இடும் அபேட் மருந்து, உரிய அளவில் பாதுகாப்பானதே. இக்கொசு பகலில் கடிப்பது; பகலில் உறங்கும் குழந்தைக்கும் கொசுவலை தேவை.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டுமே. ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் இரத்தக்கசிவை மிகுவிக்கும். கஞ்சி, உப்பு-சர்க்கரைக் கரைசல், இளநீர் என நீராகாரம் தொடர்ந்து தர வேண்டும். தினக்கூலியை இழக்க முடியாதவர்கள் காய்ச்சல் விட்டதும் வேலைக்குக் கிளம்புவது வழக்கம். ஆபத்து அப்போதுதான் நெருங்குகிறது: காய்ச்சல் தணிந்த பின் வரும் ஓரிரு நாள்களிலேயே நோய் முற்றக்கூடும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி, குழாய்க்கு வருவோம். 24 மணி நேரக் குடிநீருக்காகக் கோவை மாநகராட்சி 2018-இல் சூயஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. எந்தத் தெருவுக்கு அது எப்போது வரும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. தண்ணீர் வந்த நாளையும் நேரத்தையும் தெருவுக்கு ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம்; கல்லூரி மாணவர்கள் ஏற்கத்தக்க பணி இது. வார்டுவாரியான விநியோக அட்டவணையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெற்று, அக்குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் அளிக்கலாம். பொதுக்குழாயில் நீர் பிடிக்கவே சாதியின் பெயரால் தடுக்கப்பட்டால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம்; அதற்கு மனு போதாது, காவல் நிலையத்தில் வழக்கே பதிய வேண்டும்.