சிவப்பு மைக்கு ஒரு வரலாறு

நூறு ஆண்டு கண்ட ஒரு பாடசாலையின் வரலாற்றில் கட்டடங்களுக்கும் அதிபர்களுக்கும் பக்கங்கள் உண்டு. சிவப்பு மையால் திருத்தப்பட்ட ஆங்கிலக் கொப்பிகளுக்கு இல்லை. பலாபத்வலையில் படித்த நம் எல்லோரிடமும் அப்படி ஒன்று இருந்திருக்கும். இம்மலரில் அதற்கும் சிறிது இடம் கேட்கிறேன்.

பிழைகளைத் திரட்டி நூலாக்கும் வழக்கம் பழையது. பம்பாயில் சிவில் சேவையில் இருந்த விட்வர்த், இந்தியர் எழுதும் ஆங்கிலத்தின் வழுக்களை ஆராய்ந்து 1907இல் ஒரு நூல் வெளியிட்டார். சைப்ரஸ் தீவின் ஆசிரியர் ஃபிடிகிடிஸின் பிழைத்திருத்த நூல் 1936இல் வந்து பல பதிப்புகள் கண்டது. வகுப்பறையை அடைந்தபோது இந்த உழைப்பெல்லாம் ‘பிழை, சரி’ என இரண்டு நிரல்களாகச் சுருங்கிவிட்டது. அப்பிழை ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

காரணம் பெரும்பாலும் தமிழிலேயே இருக்கிறது. ‘இரண்டு நாளாகக் காய்ச்சல்’ என்பதை ‘ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்’ என்கிறோம். தமிழில் ‘நேற்றிலிருந்து’ என்றாலும் ‘நேற்றிலிருந்தே இரண்டு நாளாக’ என்றாலும் குழப்பமில்லை. ஆங்கிலமோ தொடங்கிய நேரத்துக்கு ‘சின்ஸ்’, கழிந்த காலத்துக்கு ‘ஃபோர்’ எனப் பிரிக்கிறது. ‘ஸ்மோல் ஸ்மோல்’ நம் ‘சின்னச் சின்ன’ தான். இவற்றால் யாருக்கும் கேடில்லை.

கேடு விளைவிக்கும் பிழை வேறு. ‘உங்களுக்கு மருந்து ஒவ்வாமை இல்லையா?’ என்று கேட்டால், இருப்பவர் தமிழில் ‘இல்லை, இருக்கு’ என்பார். முதற்சொல் கேட்டவரின் எண்ணத்தை மறுக்கிறது. அதே கேள்விக்கு ஆங்கிலத்தில் ‘நோ’ என்று மட்டும் சொன்னால், ஒவ்வாமை கிடையாது என்றே வைத்தியர் எழுதிக்கொள்வார். அடுத்து ஊசி. எதிர்மறையில் கேட்காதீர்கள் என்று பயிற்சி வைத்தியர்களிடம் நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். நம் கொப்பிகளில் இந்தப் பிழை திருத்தப்பட்டதே இல்லை. பேச்சில் மட்டும் வருவது அல்லவா!

1945இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிக் கல்வியும் படிப்படியாக மேல்வகுப்புகளை எட்டியது. ஆனால் 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரியின் பாடமொழி ஆங்கிலமாகவே நின்றது. பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கிலத்தைச் சிங்களத்தில் ‘கடுவ’, அதாவது வாள், என்றார்கள். பேராசிரியர் திரு கந்தையா 1984இல் அச்சொல்லையே தலைப்பாக்கிக் கட்டுரை எழுதினார். கிராமத்துப் பெண்பிள்ளைகளை அந்த வாள் வெட்டியது மௌனத்தால். பிழை வருமென்று வாய் திறக்காத கெட்டிக்காரிகள் எத்தனை பேர் ஒவ்வொரு வகுப்பிலும்!

பிறகு காற்று சற்று மாறியது. 2007இல் மைக்கேல் மெய்லர் இலங்கை ஆங்கிலத்துக்கு அகராதி வெளியிட்டார். 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அரசு அறிவித்தது. நம் வழியில் ஆங்கிலம் பேசுவோம் என்ற இயக்கமும் அப்போது வந்தது. நம் வழி என்பதற்காக ‘சின்ஸ்’ஐ விட்டுவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். பரீட்சைத்தாள் திருத்துபவர் விடமாட்டாரே.

பழைய ஆங்கிலக் கொப்பிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் அக்காமார் சங்கச் செயலாளரிடம் ஒப்படைத்தால், பாடசாலை நூலகத்தில் ஒரு தட்டு ஒதுக்கலாம். சிவப்பு மையோடு அப்படியே தாருங்கள்.